அம்பு படாத பிள்ளை

"நல்லாயிருக்கு" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. மிஞ்சிப்போனால் "பரவாயில்ல" என்பார். அதற்கே நாங்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விடுதிப் பெண்கள் அவருக்குப் 'பரவாயில்லம்மா' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். மாடிப்படியில் யாராவது அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தபடி இறங்கிவந்து, கீழே அவர் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டால், "படி ஈரமா இருக்கு, பாத்து எறங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவர் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் விடுதி வார்டன். நான் அங்கே கணக்கு டீச்சராக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ச் சில வருசங்கள்தான் ஆகியிருந்தன. ஊரில் பாதிப் பேர் இன்னும் பழைய காசு, பழைய அதிகாரிகள் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் சமஸ்தானத்து விருந்தாளிகள் தங்கிய பங்களா ஒன்றைத்தான் விடுதியாக்கியிருந்தார்கள். எனக்கும் அங்கேயே ஓர் அறை கொடுத்து, வார்டனுக்கு ஒத்தாசையாக இருக்கச் சொன்னார்கள்.

அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். உயரம். கரை மட்டும் கறுப்பாக இருக்கும் நூல் சேலை. இடுப்பில் சாவிக்கொத்து. கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டும் இருந்தது. புருசன் எங்கே என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. லீவுக்கு எல்லோரும் ஊருக்குப் போவோம். அவர் போக மாட்டார். தீபாவளிக்கு மறுநாள் நான் திரும்பிவந்தால், அத்தனை பெரிய பங்களாவில் தனியாக உட்கார்ந்து ஜன்னல் திரைக்குத் தையல் போட்டுக்கொண்டிருப்பார்.

சேர்ந்த புதிதில் எனக்கு அவர்மேல் கோபம்தான். மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வந்த பவளம் என்ற பெண், திருச்சியில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து கப் வாங்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு நேரே வார்டன் அறைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் கப்பைப் பார்க்கவே இல்லை. அவள் காலைத்தான் பார்த்தார்.

"முள்ளு கிள்ளு குத்தலையே?"

"இல்லங்கம்மா."

"சரி. அதக் கொண்டுபோய்ப் பீரோவுல வச்சுப் பூட்டு. வெளிய வைக்காத. போய்க் குளி."

பவளம் குளியலறையில் நின்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. "சின்னப் பிள்ளைங்க, ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவோம்?" என்று கேட்டேவிட்டேன். அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆனால் அன்றைக்குப் பவளத்துக்கு மட்டும் வெந்நீர் போட்டு, காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி உத்தரவானது என்று சமையல்கார அங்கம்மா பிறகு சொன்னாள்.

யாராவது ஒரு பிள்ளையைப் புகழ்ந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஒருநாள் ஒரு தாய், மகளைப் பார்க்க வந்தவள், வாசலில் நின்றபடியே, "எம் பொண்ணு தலைமுடியப் பாத்தீங்களா, எங்க ஊருலயே யாருக்கும் இந்த நீளம் கெடையாது" என்று ஆரம்பித்தாள். வார்டன் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். தெருவில் யாரோ நின்று ஒட்டுக்கேட்பது போல. "முடி கெடக்கட்டும், பேன் பாக்கச் சொல்லுங்க" என்றார். அந்தத் தாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று.

சாப்பாட்டுக் கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு படம் இருந்தது. சுவரில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருக்கும் எண்ணெய்ச் சாயப் படம். எப்போதோ சீமையிலிருந்து வாங்கிவந்தது. பங்களாவிலிருந்த நல்ல நாற்காலிகள், சரவிளக்குகள் எல்லாம் ஏலத்தில் போனபோதும் அது மட்டும் போகவில்லை. சட்டத்தோடு அது எந்தக் கதவிலும் நுழையாது. படத்தை மாட்டிவிட்டுப் பிறகுதான் வாசலைக் கட்டினார்களோ என்னவோ.

கீழ்ப்பக்கம் ஓரமாக மஞ்சள் பட்டு உடுத்திய ஒரு ராணி மண்டியிட்டிருப்பாள். அவளைச் சுற்றி வாலிபர்களும் பெண்களுமாக விழுந்து கிடப்பார்கள். ஒருவன் முதுகில் அம்பு. ஒருத்தி இன்னொருத்தியின் மடியில் சாய்ந்திருப்பாள். மேலே, கருத்த மேகத்தில், ஓர் ஆணும் பெண்ணும் வில்லை வளைத்து நிற்பார்கள். ராணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண், ஐந்தாறு வயது இருக்கும், சேலைக்குள் ஒளிந்திருப்பாள். அந்தப் பிள்ளைமேல் மட்டும் அம்பு இல்லை. ராணி ஒரு கையால் துணியை இழுத்து அவளை மூடி, மறு கையை வானத்தை நோக்கி நீட்டியிருப்பாள்.

பெண்களுக்கு முதலில் பயமாக இருக்கும். பிறகு பழகிவிடும். ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அங்கம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. "வெள்ளக்கார ராசா வீட்டுல அம்மை போட்டிருக்கு, டீச்சரம்மா. மேல நிக்கிறது மாரியாத்தாளும் அவ கூடப்பொறந்தவனும். கும்புட மறந்துருப்பாக" என்பாள். ஆடி மாதத்தில் சட்டத்தின் கீழ்க்கட்டையில் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பாள். வார்டன் அதைத் தடுத்ததில்லை.

பெண்கள் தரையில் பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போனபிறகு அவர் வருவார். ஒரு சின்ன மேசை, ஒரு நாற்காலி. படத்துக்கு நேர் எதிரே. சாப்பிட்டு முடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூடச் சாப்பிட என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஒருமுறை நானாகவே தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். "டீச்சர், கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி ஒக்காருங்க. மறைக்குது" என்றார். கோபமாக இல்லை. பஸ் ஜன்னலை மறைத்தவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

மூன்றாவது வருசமோ நாலாவது வருசமோ, திருச்சியிலிருந்து புதிய இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தார். சென்னையில் படித்து, சீமைக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தவர். நல்ல மனுசி. எல்லா அறைகளையும் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தவர், படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது இங்க எப்படி வந்துச்சு? இது ரொம்பப் பழைய ஓவியர் ஒருத்தர் கை மாதிரி இருக்கே. நகலாவே இருந்தாலும் இப்படிப் புகையில விடக் கூடாது" என்றார். பிறகு, நாங்கள் கேட்காமலே, கதையைச் சொன்னார்.

கிரேக்க தேசத்தில் ஒரு ராணி. அவளுக்கு ஏழு மகன், ஏழு மகள். அழகென்றால் அழகு. ஊர்ப் பெண்கள் ஒரு தெய்வத்துக்குப் பூசை செய்துகொண்டிருந்தபோது இவள் போய் நின்று, "அவளுக்கு ரெண்டே பிள்ளை. எனக்குப் பதினாலு. என்னைக் கும்பிடாம அவளை ஏன் கும்பிடுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்தத் தாய்த் தெய்வம் தன் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சொன்னது. இரண்டு பேரும் மேகத்தில் வந்து நின்று ராணியின் பிள்ளைகளை ஒவ்வொருவராக அம்பால் அடித்தார்கள்.

"பெருமை பேசினதுக்கு வந்த தண்டனை" என்று இன்ஸ்பெக்ட்ரஸ் முடித்தார்.

வார்டன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசிப் பிள்ளை?" என்று கேட்டார்.

"எது?"

"அவ சேலைக்குள்ள இருக்கே. அது பொழச்சுக்கிருச்சுல்ல?"

"இல்லையே. 'இது ஒண்ணையாவது விட்டுருங்க'ன்னு கெஞ்சினா. கெஞ்சிக்கிட்டு இருக்கும்போதே அம்பு வந்துருச்சு. அப்புறம் அழுது அழுது அவ கல்லாப் போயிட்டாளாம்."

"படத்துல இன்னும் வரலையே" என்றார் வார்டன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் சிரித்தார். வார்டனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பிறகு, சென்னைக்கு எழுதி இதை எடுத்துப்போய்ப் பாதுகாக்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அன்றைக்கு வார்டன் சாப்பிட வரவில்லை. மறுநாளும் சாப்பாட்டைத் தன் அறைக்கே எடுத்துவரச் சொல்லிவிட்டார். "அம்மாவுக்கு ஒடம்புக்கு என்னமோ" என்றாள் அங்கம்மா. தட்டு பாதிச் சோற்றோடு திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்களையெல்லாம் நார்த்தாமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்குக் காலில் சுளுக்கு, மலை ஏற முடியாது. வார்டன் எப்போதும் போகிறவர் இல்லை. அங்கம்மாவும் சமையல் பாத்திரங்களோடு அவர்களுடன் போய்விட்டாள். பங்களாவில் நாங்கள் இரண்டு பேர்தான். பின்கட்டில் வெயில் விழுகிற இடத்தில் புளியைக் கொட்டி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம்.

"எம் பொண்ணு பாடுவா, டீச்சர்" என்றார் திடீரென்று.

எனக்குக் கை நின்றுவிட்டது. அவருக்குப் பெண் இருந்ததே எனக்குத் தெரியாது.

"அஞ்சு வயசு. ஒரு தடவ கேட்டாப் போதும், அப்படியே பாடுவா. எங்க ஊரு திருவிழாவுல கூட்டத்துக்கு நடுவுல நிறுத்திப் பாட வச்சேன். ஒருத்தி, எம் மகளுந்தான் பாடுவான்னா. நான் விட்டேனா? இந்தச் சீமையில எம் பொண்ணு மாதிரிக் கொரலு எவ பெத்த பிள்ளைக்கு இருக்கு, இருந்தாக் கூட்டிட்டு வாங்கடின்னேன். அம்புட்டுப் பேருக்கு முன்னாடி. எனக்குப் பெருமை புடிபடல."

புளியிலிருந்து ஒரு நாரை உருவித் தனியே போட்டார்.

"மறு வாரமே தொண்டை அடைப்பான் வந்துச்சு. வண்டி கட்டிப் புதுக்கோட்டைக்குக் கொண்டாந்தோம். பாடுன தொண்டையில மூச்சுப் போகல."

"அம்மா…"

"பிள்ளையத் தூக்குறதுக்கு முந்தியே எங்க மாமியா சொன்னாக, 'ஒன் வாயிதான்டி எம் பேத்திய முழுங்குச்சு'ன்னு. அவுக சொன்னதக்கூட நான் பெருசா எடுத்துக்கல. எங்க வீட்டுக்காரவுக பக்கத்துலதான் நின்னாக. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்கும் சொல்லல, அதுக்கப்புறமும் சொல்லல. எங்கூடப் பேசுறதையே விட்டுட்டாக. திட்டியிருந்தாலாவது நான் ஏதாச்சும் பதில் சொல்லியிருப்பேன். எங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிப் படிக்க வச்சாரு."

"தொண்டை அடைப்பான் கிருமியால வர்றதுங்கம்மா. அந்தத் தெருவுல வேற பிள்ளைகளுக்கு வரலையா?"

"வந்துச்சு. மேலவீட்டுப் பையனும் போயிட்டான்."

"அப்புறம் என்ன? ஒங்க வாய் என்ன பண்ணும்?"

"எனக்குத் தெரியாதா? இங்க சுகாதாரப் பாடம் எடுக்குறதே நாந்தான்." அவர் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சு என்ன பண்ண, டீச்சர்? ஒரு பிள்ளை வந்து முன்னால நின்னு சிரிக்கிறப்ப படிச்சதா ஞாபகம் வருது? பயந்தான் வருது. எதையாவது சொல்லிப்புடுவேனோன்னு."

இன்னொரு புளியைப் பிளந்துகொண்டே சொன்னார். "இத்தனை வருசமா அந்த ராணி கடைசிப் பிள்ளையக் காப்பாத்திப்புட்டானு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவ மொகத்தப் பாத்துக்கிட்டே சாப்புடுவேன். நம்மளால முடியல, அவளால முடிஞ்சுச்சேன்னு இருக்கும். அந்தம்மா வந்து சொல்லாமலாவது போயிருக்கலாம்."

அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. என் விரலெல்லாம் புளி. அப்படியே பிடித்தேன். அவர் விட்டுவைத்தார். பெண்களின் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் எழுந்து போய்விட்டார். "எல்லாரும் வந்துட்டீங்களா? யாரும் வழுக்கி விழலையே?" என்று வாசலில் அவர் குரல் கேட்டது.

படத்தை எடுத்துப்போகச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. கூடத்துக் கதவின் நிலையைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்வார் என்றும், சண்டை போடுவார் என்றும்கூட நான் நினைத்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். எட்டுப்பத்து ஆட்கள் தூக்கினார்கள். வாசலில் திருப்பும்போது கீழ்மூலை சுவரில் இடிக்கப் பார்த்தது.

"ஏப்பா, பிள்ளை இருக்கிற பக்கம்! பாத்துப் புடிங்க!" என்று கத்தினார்.

அவர் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதில்லை. தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்து அந்த மூலையில் சுற்றினான். அதற்கப்புறம்தான் லாரியில் ஏற்றினார்கள்.

சுவரில் படம் இருந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்தது போல வெளுப்பாக இருந்தது. மறுநாள் மத்தியானம் அவர் சாப்பாட்டுக் கூடத்துக்குத் திரும்பி வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த வெறும் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். மேசையை வேறு பக்கம் போடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார்.

பிறகு எனக்குக் கல்யாணமாகிக் குளத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. மகள் பிறந்ததற்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. மகளுக்கு மூன்று வயதானபோது, நானே கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் தன் அறையில் உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. பிள்ளையைப் பார்த்ததும் இரண்டு கையையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். தூக்கவில்லை, பேர்கூடக் கேட்கவில்லை. என்னிடம்தான் பேசினார். பள்ளிக்கூடம் எப்படி, தண்ணீர் வசதி எப்படி என்று. என் மகளுக்கு அதெல்லாம் தெரியுமா? அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, காக்கா பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தாள். எந்தப் பிள்ளையும் பாடுவது போலத்தான். சுதி கிடையாது, பாதி வார்த்தை மழலை.

பிள்ளையை இழுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். வார்டன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கம்மா வாசலில் நின்று, "அடி ஆத்தி, என்னா கொரலு…" என்று வாயெடுத்தாள்.

"அங்கம்மா! அடுப்பப் பாரு போ!"

பாட்டு முடிந்தது. பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "இன்னொண்ணு தெரியுமா?" என்றார்.

தெரியும். அவளுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பாடினாள். தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். குளத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அவர் காதில் விழவில்லை. நாங்கள் அடுத்த பஸ்ஸில்தான் ஊர் திரும்பினோம்.

அந்த வாரமே மகளுக்குக் காய்ச்சல் கண்டது. விடாத காய்ச்சல். டைபாய்டு என்றார் டாக்டர். ஊரில் நாலைந்து வீட்டில் இருந்தது. என் மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டு, "புதுக்கோட்டையில யாருகிட்டக் கூட்டிட்டுப் போன? யாரு கண்ணு பட்டுச்சு?" என்று கேட்டார். "ஊரு பூராவும் காய்ச்சல் இருக்குங்கத்தை" என்றேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் லீவில் இருக்கும் விசயம் எங்கள் பள்ளி டீச்சர் ஒருத்தி மூலம் பயிற்சிப் பள்ளிவரை போயிருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் காய்ச்சல் இறங்கி, பிள்ளை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி வேண்டாம் முறுக்குத்தான் வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தாள். வெளியே போயிருந்த மாமியார் உள்ளே வந்தார்.

"எதுத்த வேப்பமரத்தடியில ஒரு அம்மா வெயில்ல நிக்குது. பிள்ளை எப்படி இருக்குன்னு கேட்டுச்சு. நல்லாருக்கு, உள்ள வாங்கன்னேன். வரமாட்டேங்குது. அங்கயே நிக்குது."

ஓடினேன். அவர்தான். கையில் ஒரு துணிப்பை. வேர்த்து நனைந்து நின்றார்.

"உள்ள வாங்கம்மா. பிள்ளைக்குச் சரியாப் போச்சு. வந்து பாருங்க."

"வேணாம்."

"பாத்துட்டுப் போங்கம்மா. இவ்வளவு தூரம் வந்துட்டு…"

"சத்தம் கேக்குதுல்ல, போதும்."

வீட்டுக்குள்ளிருந்து முறுக்குச் சண்டை நன்றாகவே கேட்டது. அவர் தலையைச் சற்றுச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பையை என் கையில் கொடுத்தார். உள்ளே சாத்துக்குடியும் ஒரு ரொட்டியும் இருந்தன.

"பிள்ளைக்குக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத."

அத்தனை வருசத்தில் என்னிடம் அவர் ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கூடவே போய்ப் பஸ் ஏற்றிவிடலாம் என்று நாலடி வைத்தேன். பின்னால் பார்க்காமலே, வர வேண்டாம் என்று கையைக் காட்டினார். பஸ் வந்தது, ஏறிப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து ஒரு சாத்துக்குடியை உரித்தேன். மகள் முறுக்கை மறந்துவிட்டு ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். சாறு கன்னத்தில் வழிந்தது.

"யாரும்மா குடுத்தா?" என்று கேட்டாள்.

மாமியார் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீ பாட்டுப் பாடுனியே, அந்தப் புதுக்கோட்டை அம்மாதான்" என்று அவருக்கும் காதில் விழும்படியாகவே சொன்னேன்.